6 வயதுக்கும் 58 வயதுக்கும் ஒரே கிரேடு தேர்வா?

தருமபுரி டீச்சர்:
வீட்டில் பியானோ சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் சின்னவளுக்கு 6 வயது, பெரியவருக்கு 58. முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே புத்தகம், எல்லோரையும் கிரேடு தேர்வுக்கு, அதாவது படிப்படியாக எழுதும் இசைத் தேர்வுக்கு, அனுப்புவேன். இந்த வருடம் அதை விட்டுவிட்டேன். கேட்பவர்களுக்கு மட்டும்தான் தேர்வு. தெரிந்த ஆசிரியர்கள் இது தப்பு என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓசூர் ஆசிரியர்:
நானும் தப்பு என்றுதான் சொல்வேன் மேடம். தேர்வுத் தேதி கண் முன்னால் இருந்தால்தான் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஸ்கேல் (ஸ்வர வரிசை) வாசிக்கிறார்கள். இந்தத் தேர்வை நடத்தும் லண்டன் அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலும் 1 முதல் 8 வரை கிரேடு இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும். அப்புறம், நம்மைத் தெரியாத ஒருவர் காதால் கேட்டு மதிப்பெண் போடுவது பெரிய விஷயம். நான் பத்து தடவை சொன்ன குறையை அந்தத் தாளில் பார்த்த பிறகுதான் பெற்றோர் நம்புகிறார்கள்.

தருமபுரி டீச்சர்:
ஐயா, 6 வயதுப் பிள்ளைக்குக் கால் தரையில் எட்டாது. காலுக்கு அடியில் முக்காலி போட்டுத்தான் உட்கார வைக்கிறேன். ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு 'ஸ'-விலிருந்து அடுத்த 'ஸ' வரை, கிட்டத்தட்ட 16 செ.மீ. அந்தக் கைக்கு அது எட்டவே எட்டாது. அவளிடம் முதல் நாளே நொட்டேஷன் (இசையை எழுதிக் காட்டும் குறியீடு) புத்தகத்தைத் திறந்தால் கண் தாளில் ஒட்டிக்கொள்கிறது, காது மூடிக்கொள்கிறது. நான் கறுப்புக் கட்டைகளில் தொடங்குகிறேன். இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருப்பதால் பிள்ளைக்கு அடையாளம் எளிது. மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையை 'ஸ' என்று வைத்து ஐந்தையும் வரிசையாக வாசித்தால் மோகன ராகம் வருகிறது. எந்தக் கட்டையைத் தொட்டாலும் அபஸ்வரம் இல்லை. முதல் வாரமே அவளாக ஒரு மெட்டு வாசித்துக் காட்டினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பாலக்கோடு அம்மா:
டீச்சர் சொல்வதுதான் சரி. என் மகள் வேறொரு இடத்தில் மூன்று வருடம் படித்தாள். மூன்று கிரேடு பாஸ். தேர்வுக்கு மூன்று பாட்டு வீதம் மொத்தம் ஒன்பது பாட்டுதான் தெரியும். தம்பி பிறந்தநாளுக்கு வாசிக்கச் சொன்னபோது நோட்ஸ் இல்லாமல் முடியாது என்று அழுதாள். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்தினாள். இன்றுவரை கீபோர்டு உறையைக் கழற்றவில்லை.

ஓசூர் ஆசிரியர்:
படிக்கவே வருத்தமாக இருக்கிறதம்மா. ஆனால் வருடம் முழுக்க மூன்று பாட்டையே தேய்க்கச் சொல்லித் தேர்வு கேட்கவில்லை. அது சொல்லித் தந்தவர் செய்த தவறு. டிரினிட்டியில் தானாகக் கற்பனை செய்து வாசிப்பதையும் ஒரு பிரிவாக எடுக்கலாம். அதைச் சொல்லித் தராமல் தேர்வைக் குறை சொல்வது நியாயமில்லை.

கிருஷ்ணகிரி மாணவர் (61 வயது):
பணி ஓய்வுக்குப் பிறகு கற்க வந்தவன் நான். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கொஞ்சம் கற்றதால், சி மேஜர் ஸ்கேல் என்றதும் அது நம் சங்கராபரண ராகம் என்று உடனே பிடிபட்டது. மூன்றாவது விரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து மேலே போவதும் ஒரே நிமிடத்தில் புரிந்தது. கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. பெரியவர்களுக்குச் சிரமம் அங்கேதான். ஆனால் டீச்சரம்மா, கேட்பவர்களுக்கு மட்டும் தேர்வு என்கிறீர்கள். எங்கள் வயதில் கேட்கக் கூச்சமாக இருக்கும். என் ஆசிரியர் பொழுதுபோக்குக்கு வந்தவர் என்று முடிவு செய்து சினிமாப் பாட்டாகவே தந்தார். இந்தத் தேர்வுகளுக்கு வயது வரம்பு கிடையாது என்று நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முதல் கிரேடு எழுத ஆசை. சான்றிதழை மாட்டி வைக்க இல்லை. சரியாகத்தான் கற்கிறேனா என்று தெரிய வேண்டும்.

தருமபுரி டீச்சர்:
ஐயா, நீங்கள் சொன்னது தைக்கிறது. என்னிடம் வரும் 58 வயதுக்காரரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்தச் சனிக்கிழமை கேட்கிறேன். ஆனால் சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நான் மாறவில்லை.

ஓசூர் ஆசிரியர்:
சரி மேடம், அந்தப் பிள்ளைக்கு நொட்டேஷன் எப்போது காட்டுவீர்கள்? தள்ளிக்கொண்டே போனால் காதை மட்டும் நம்பிப் பழகிவிடும். அப்புறம் திருத்துவது கடினம்.

தருமபுரி டீச்சர்:
காதால் பிடித்து இரண்டு கையிலும் பத்துப் பன்னிரண்டு மெட்டு வந்த பிறகு. அவளுக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த மெட்டைத்தான் முதலில் தாளில் எழுதிக் காட்டுவேன். மோகனத்தில் அவளே போட்டாளே, அதையே.