புதுப்பிப்பு: கோயாசானில் சைவச் சாப்பாடு கிடைத்தது

ஜப்பானில், ஒசாகாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் நான், மீன்சாறு கலக்காத சாப்பாட்டோடு வார இறுதியைக் கழிக்க எங்கே போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கியோட்டோ, நாரா என்று பலர் சொன்னீர்கள். கைகொடுத்தது, கோயாசான் என்ற மலையூரில் புத்தக் கோயில் விடுதியில் தங்கச் சொன்ன யோசனைதான்.

ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் நிறுவனத்தின் ரயிலில் கொகுராகுபாஷி நிலையம், அங்கிருந்து கேபிள் கார், அப்புறம் பஸ். மேல் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை.

இரவு ஷோஜின் ரியோரி, அதாவது புத்தத் துறவிகளின் சைவச் சாப்பாடு. சாறுக்கு மீன் கிடையாது, கொன்பு கடற்பாசியும் ஷீதாகே காளானும்தான். வெங்காயம், பூண்டுகூட இல்லை. டோஃபு என்றால் வழக்கமாகச் சோயாக் கட்டி, ஆனால் எள் டோஃபுவில் சோயாவே கிடையாது. எள்ளையும் குட்ஸு கிழங்கு மாவையும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். வாயில் வைத்ததும் கரைகிறது. அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

எதிர்பாராதது குளிர். ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒசாகாவுக்குப் போதுமான மெல்லிய சட்டையோடு, ஒகுனோயின் என்ற கோயிலுக்குப் போகும் 2 கிலோமீட்டர் கல்லறைப் பாதையை நடுங்கிக்கொண்டே நடந்தேன். கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். அந்தப் பாதையில் வரும் கொப்யோபாஷி பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது.