வைப் மாசமா இருக்காங்க, இந்த லிஸ்டீரியா கிருமி வயித்துலேர்ந்து பிள்ளை வரைக்கும் எப்படிப் போகுது?

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். வைப்புக்கு ஆறாவது மாசம். போன வாரம் பிங்க் புக் (மாசமா இருக்கறவங்களோட செக்கப் புத்தகம்) எடுத்துக்கிட்டு கிளினிக் போனோம், அங்க மிஸ்ஸி, அதான் நர்ஸ், சொன்னாங்க வெட்டி வெச்ச பழம், சாப்ட் சீஸ், சுட வெக்காத ஹாம் சாசேஜ், சரியா வேகாத எனோக்கி காளான் இதெல்லாம் இப்போதைக்கு வேணாம்னு. லிஸ்டீரியான்னு ஒரு கிருமியாம், அம்மாவுக்கு லேசா காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிடுமாம் ஆனா பிள்ளையைக் கொண்டு போயிடுமாம். கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே சரியா வரல. பிரிட்ஜ்ல வெச்சா கிருமி வளராதுன்னுதான நம்ம எல்லாருமே நெனைக்கிறோம், இது பிரிட்ஜ்லயே வளருமாமே, அது எப்படி? அப்புறம் சாப்பாடு போறது வயித்துக்கு, பிள்ளை இருக்கறது கருப்பையில, நடுவுல நஞ்சுக்கொடி வேற இருக்கு, இத்தனையையும் தாண்டி எப்படிப் போகுது? சும்மா சாப்பிடாதன்னா வைப் கேக்க மாட்டாங்க, காரணம் தெரிஞ்சா அவங்களே விட்டுடுவாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

லேப்_அக்கா_கேஎல்:
தம்பி, நான் கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஆஸ்பத்திரி லேப்ல மைக்ரோபயாலஜி பக்கம் வேலை செய்றேன், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுமையா படிங்க.

மொதல்ல பிரிட்ஜ். நம்மள சீக்காக்கற கிருமி பெரும்பாலும் 4 டிகிரியில சும்மா கெடக்கும், இது அப்படி இல்ல, மெதுவாத்தான் ஆனா பெருகிக்கிட்டே இருக்கும். உப்புக்கும் ஓரளவு தாங்கும். மத்த கிருமியெல்லாம் குளிர்ல அடங்கிக் கெடக்கறப்ப இதுக்குப் போட்டியே இல்லாம போயிடுது. 1981ல கனடாவுல நோவா ஸ்கோஷியாங்கற இடத்துல இதான் நடந்துச்சு. ஆட்டு எரு போட்ட தோட்டத்து முட்டைக்கோஸை பனிக்காலம் முழுக்க குளிர்ல அடுக்கி வெச்சாங்க, அப்புறம் அதுல கோல்ஸ்லோ பண்ணி வித்தாங்க, கர்ப்பிணிங்க பிள்ளைங்க நெறைய பேருக்கு வந்துடுச்சு. இந்த நோய் சாப்பாட்டு மூலமா பரவுதுன்னு சரியா நிரூபிச்சது அந்தச் சம்பவத்துலதான். கிருமியை 1926லயே கேம்ப்ரிட்ஜ்ல செத்துப் போன ஆய்வுக்கூட முயல்கள்லேர்ந்து பிரிச்சு எடுத்துட்டாங்க, ஆனா அது எந்த வழியா வருதுன்னு உறுதியாக அத்தனை வருஷம் ஆச்சு.

இப்ப உடம்புக்குள்ள. மண்ணுல, பழத்தோல்ல, பிரிட்ஜ்ல இருக்கறப்ப இந்தக் கிருமி நோய் உண்டாக்கற புரதங்களைப் பெருசா செய்யறதில்ல. அதையெல்லாம் கட்டுப்படுத்தறது பிஆர்எஃப்ஏன்னு ஒரு புரதம். அதைச் செய்யச் சொல்ற ஆர்என்ஏ இழை குளிர்ல மடங்கிக் கெடக்கும், 37 டிகிரி வந்ததும் மடிப்பு பிரிஞ்சு வேலை ஆரம்பிக்கும். நம்ம உடம்பு சூடு 37தான. அதாவது ஆள் உடம்புக்குள்ள வந்துட்டோம்னு அதுக்குத் தெரியறதே அந்தச் சூட்டை வெச்சுத்தான். இதைக் கண்டுபிடிச்சு எழுதினது 2002ல. இன்னைக்குப் படிச்சாலும் எனக்கு மலைப்பாத்தான் இருக்கு.

வயித்து அமிலத்துல நெறைய செத்துடும். மிச்சம் குடலுக்கு வரும். அது மேல இன்டர்னலின் ஏ-ன்னு ஒரு புரதம் இருக்கு, நம்ம குடல் செல்லுல இ-கெதெரின்னு ஒரு புரதம் இருக்கு, செல்லும் செல்லும் ஒட்டி நிக்கறதுக்கு உதவுறது. ரெண்டும் பிடிச்சுக்கும். பிடிச்சதும் செல் தானாவே கிருமியை உள்ள இழுத்துக்குது, கிருமி எதையும் ஓட்டை போட்டு நுழையறதில்ல. எலிக்கு இந்த இ-கெதெரின்ல ஒரே ஒரு அமினோ அமிலம் வேற, அதனால எலிக் குடலுக்குள்ள இந்த வழியா நுழைய இதால முடியறதில்ல. எலியை வெச்சே ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு இது புரியாம இருந்துச்சு, அப்புறம் பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல பாஸ்கேல் கோசார்ட் அம்மாவோட குழுதான் தெளிவாக்குனாங்க.

உள்ள போனதும் கிருமி ஒரு சின்னப் பைக்குள்ள அடைபட்டு இருக்கும். சாதாரணமா அந்தப் பைக்குள்ள அமிலம் ஏறும், அப்புறம் ஜீரணிக்கற என்ஸைம் வந்து கொட்டும், உள்ள இருக்கறது செத்துடும். லிஸ்டீரியா அது வரைக்கும் காத்திருக்காது. லிஸ்டீரியோலைசின் ஓ-ன்னு ஒரு நச்சை விட்டு பையோட சவ்வுல துளை போட்டு வெளிய வந்துடும். அந்த நச்சு அமிலம் இருக்கற இடத்துலதான் நல்லா வேலை செய்யும், பையை விட்டு வெளிய வந்துட்டா வேகம் கொறைஞ்சிடும், அதனால பை மட்டும் ஓட்டை ஆகும், செல் உடையாது. செல் உடைஞ்சிட்டா கிருமிக்கு ஒளிஞ்சிக்க எடமில்லையே.

இனிமே உங்க கேள்விக்கு நேரா வரேன். செல்லுக்குள்ள பெருகினதும் ஆக்ட்ஏ-ங்கற புரதத்தை வெச்சு நம்ம செல்லுக்கு உருவம் குடுக்கற ஆக்டின்ங்கற புரத இழைகளையே தன் பின்பக்கம் கட்டிக்குது, அந்த இழை வளர வளர கிருமி முன்னால தள்ளப்படும். மைக்ராஸ்கோப்ல பாத்தா வால்நட்சத்திரம் ஓடற மாதிரியே இருக்கும். அப்படியே போய் செல் சவ்வை முட்டும், சவ்வு விரல் நீட்டினாப்ல பக்கத்து செல்லுக்குள்ள நீளும், பக்கத்து செல் அதை முழுங்கிடும், மறுபடியும் பை, மறுபடியும் துளை. வெளிய ரத்தத்துக்கே வராம செல்லுலேர்ந்து செல்லுக்கு மாறிக்கிட்டே போகலாம். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யற ஆன்டிபாடி சுத்தறது ரத்தத்துலயும் செல்லுக்கு வெளியிலயும், செல்லுக்குள்ள இருக்கறவனை அதால தொட முடியாது. இதை அடக்கறது டி செல்லுங்கற வெள்ளை அணுக்கள்தான்.

குடலைத் தாண்டினா ஈரல், மண்ணீரல். நல்ல எதிர்ப்பு சக்தி இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் அங்கயே கதை முடிஞ்சிடும். அடங்கலன்னா ரத்தம் வழியா மூளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகும். நஞ்சுக்கொடி செல்லுங்கள்லயும் இ-கெதெரின் இருக்கு, கூடவே மெட்-ன்னு இன்னொரு புரதமும் இருக்கு, அதைப் பிடிக்க கிருமி இன்டர்னலின் பி-ன்னு ஒரு புரதம் வெச்சிருக்கு. ரெண்டும் சேந்தாத்தான் நஞ்சுக்கொடியில நுழைய முடியுதுன்னு காட்டியிருக்காங்க. அங்கேர்ந்து பிள்ளைக்கு. பிள்ளையைத் தாய் உடம்பு தன்னோடதா ஏத்துக்கணும்னு மாசமா இருக்கறப்ப டி செல் வேலையும் அந்த இடத்துல கொஞ்சம் தணிஞ்சிருக்கும், கிருமிக்கு அது வசதியாப் போயிடுது.

ஆயர்_ஈத்தாம்_அத்தை:
படிச்சேன்மா, பாதி புரிஞ்சுது, பாதி புரியல. ஆனா ஒண்ணு கேக்கறேன், நாங்க எல்லாம் மாசமா இருக்கறப்ப பசார்ல (சந்தையில) வெட்டி வெச்ச பப்பாளிய தவிர மத்தது எல்லாம் சாப்டோம், பச்சை தவுகே (முளைகட்டின பயறு) போட்ட பசெம்பூர் சாலட் சாப்டோம், ஒண்ணும் ஆகலயே. நாலு பிள்ள பெத்தேன். இந்தக் காலத்து பொண்ணுங்கள ரொம்ப பயமுறுத்தறோமோன்னு தோணுது. மருமகள பாக்கறப்ப பாவமா இருக்கு, எதைக் கேட்டாலும் வேணாம் வேணாம்னு.

லேப்_அக்கா_கேஎல்:
அத்தை, நீங்க கேக்கறது நியாயமான கேள்வி. இந்த நோய் அபூர்வம்தான், சாப்பிடற எல்லாருக்கும் வராது, கிருமி கொஞ்சமா உள்ள போனா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நான் பயப்படறது வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு. உடம்பு முழுக்கப் பரவிட்டா சிகிச்சை குடுத்தும் அஞ்சு பேர்ல ஒருத்தராவது போயிடறாங்க, சாப்பாட்டுக் கிருமிங்கள்ல இது ரொம்ப அதிகம். 1985ல லாஸ் ஏஞ்சலஸ்ல சரியா பாஸ்சரைஸ் பண்ணாத (சூடு காட்டி கிருமியைக் கொல்லாத) பால் கலந்த மெக்ஸிகன் சீஸ்ல வந்தது 142 பேருக்கு, அதுல 93 பேர் கர்ப்பிணிங்க இல்லன்னா அவங்க பிள்ளைங்க, செத்தது 48, கருவுலயே போனதும் அதுல உண்டு. 2017, 2018ல தென்னாப்பிரிக்காவுல போலோனின்னு ஒரு சாசேஜ், ஆயிரம் பேருக்கு மேல வந்து இருநூறு பேருக்கு மேல போனாங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கம் பழத்தை வெட்டின கையோட சாப்டுடுவோம், இப்ப வெட்டி பாக்கெட் போட்டு ரெண்டு மூணு நாள் பிரிட்ஜ்ல அடுக்கறாங்க, கிருமிக்கு அந்த நாள்தான் வேணும்.

வேணாம் வேணாம்னு சொல்ற பட்டியலும் அவ்ளோ நீளம் இல்ல அத்தை, சூடு காட்டினா பாதி சரியாயிடும். தவுகேவ நல்லா வதக்கிப் போடுங்க. ஹாம் சாசேஜ் எல்லாம் ஆவி பறக்க, 74 டிகிரி வரைக்கும் சுட வெச்சா கிருமி செத்துடும். எனோக்கிய ஸ்டீம்போட்ல, அதான் மேஜையில கொதிக்கற சூப்புல, சும்மா முக்கி எடுக்காம நல்லா கொதிக்க விடுங்க. ரோக் மெலன் (முலாம்பழம்) முழுசா வாங்கி, தோலை பைப் தண்ணியில பிரஷ் போட்டுத் தேச்சு அப்புறம் வெட்டுங்க, தோல்ல இருக்கறத கத்திதான் உள்ள கொண்டு போகுது. பாஸ்சரைஸ் பண்ண பால், தயிர் தாராளமா சாப்பிடலாம். மருமகளுக்கு கேக்கறத செஞ்சு குடுங்க, சுடச்சுட குடுங்க.

செபராங்_மிஸ்ஸி:
நான் லேபர் வார்டுல, அதான் பிரசவ வார்டுல, வேலை செய்யறவ. அக்கா கிருமியப் பத்தி நல்லா சொல்லிட்டாங்க, நான் அறிகுறி மட்டும் சேக்கறேன். அம்மாவுக்கு வர்றது காய்ச்சல், உடம்பு வலி, முதுகு வலி, சில சமயம் வயித்துப்போக்கு, அவ்ளோதான், டெங்கியோ சாதாரண ஜுரமோன்னு விட்டுடுவாங்க. பனடோல் போட்டு வீட்டுல படுக்கறதுதான் ஆபத்து. காய்ச்சல் வந்தா அன்னைக்கே போங்க, என்ன சாப்டோம்னும் சொல்லுங்க, ரத்தத்துல கல்ச்சர் வெச்சாத்தான் (கிருமியை லேப்ல வளத்துப் பாத்தாத்தான்) தெரியும், மலம் எடுத்துப் பாத்து பிரயோஜனமில்ல. மருந்து இருக்கு, ஆம்பிசிலின் ஊசி, வேணும்னா கூட ஜென்டாமைசின். சீக்கிரமா குடுத்தா பிள்ளையக் காப்பாத்த முடியும். செஃப்ட்ரையாக்ஸோன் மாதிரி மருந்துங்க நெறைய கிருமிக்கு நல்லா கேக்கும், லிஸ்டீரியாவுக்கு கேக்கவே கேக்காது, அதனாலதான் டாக்டருக்கு சந்தேகம் வரணும், அதுக்கு நீங்க வாயத் தெறந்து சொல்லணும். பயந்துக்கிட்டு மறைக்காதீங்க, யாரும் திட்ட மாட்டாங்க.

அப்புறம் வீட்டுல இனிப்பு நீருக்காரங்க (சக்கரை வியாதிக்காரங்க), டயாலிசிஸ் போறவங்க, ஸ்டீராய்ட் சாப்பிடறவங்க, 65 தாண்டினவங்க இருந்தா அவங்களுக்கும் இதே கவனம் வேணும். அவங்களுக்கு மூளைக்காய்ச்சலா வரலாம்.

பட்டர்வொர்த்_பையன்:
ரொம்ப நன்றி அக்கா, மிஸ்ஸி. வைப்புக்கு முழுசா படிச்சுக் காட்டிட்டேன், அந்த செல்லுலேர்ந்து செல்லுக்குப் போற இடத்துல அவங்களே கைய வயித்து மேல வெச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு மட்டும் கேக்கறேன், போன வாரம் கல்யாண வீட்டுல வெட்டி வெச்ச ரோக் மெலன் சாப்டிருக்காங்க, இப்ப ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. டெஸ்ட் எடுக்கணுமா?

செபராங்_மிஸ்ஸி:
காய்ச்சல் ஒண்ணும் இல்லன்னா டெஸ்ட் தேவையில்ல தம்பி, மருந்தும் வேணாம். அந்தப் பழத்துல கிருமி இருந்துச்சுன்னு யாரும் சொல்லலையே, பெரும்பாலும் ஒண்ணும் இருந்திருக்காது. ஆனா இது உள்ள போய் காட்டிக்க பல வாரம் ஆகலாம், 70 நாள் வரைக்கும்கூட போகலாம், அதனால சாப்ட தேதிய பிங்க் புக்ல ஓரமா எழுதி வெச்சுக்குங்க. அதுக்குள்ள காய்ச்சல் அடிச்சாலோ, பிள்ள அசைவு கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலோ, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க.