பத்தியை எங்கே உடைப்பது? சிறுகதை எழுதுபவர்கள் உதவவும்

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நடக்கும் சிறுகதை எழுதுகிறேன், சுமார் 1,800 சொற்கள். நடுவில் ஒரு பத்தி மட்டும் 350 சொல்லுக்கு நீண்டு கிடக்கிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மகள் வந்து, "மெட்ராஸ்ல சீட் கிடைச்சிருச்சும்மா" என்கிறாள். அம்மா நிமிரவில்லை, விரலில் பசையைத் தொட்டு அடுத்த பெட்டியை எடுக்கிறாள். எட்டாவதோடு தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய நாள் நினைவுக்கு வருகிறது. அப்புறம் மறுபடி ஆபீஸ்: "ஹாஸ்டலுக்கு எவ்வளவு கேக்காங்க?" என்கிறாள் அம்மா.

படித்த நண்பர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். அந்த நினைவில் பள்ளி வாசலில் நிற்பது அம்மாவா மகளா என்று புரியவில்லையாம்.

பேசும் ஆள் மாறும்போதெல்லாம் புதுப் பத்தி போட்டுப் பார்த்தேன். வசனம் தெளிவானது, ஆனால் நாடகம் மாதிரி ஆகிவிட்டது. நினைவைத் தனிப் பத்தியாக வெட்டினேன். குழப்பம் தீர்ந்தது; கை ஒட்ட ஒட்ட மனசு ஓடும் அந்த வேகம் போயே போச்சு. நடுவில் மூன்று நட்சத்திரம் போட்டால் வேறு காட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'அம்மா நிமிரவில்லை' என்பதை ஒற்றை வரிப் பத்தியாக விட்டது மட்டும் பிடித்திருக்கிறது (கொஞ்சம் சினிமாத்தனம்தான், இருக்கட்டும்).

மாதக் கடைசிக்குள் ஓர் இதழுக்கு அனுப்ப வேண்டும். பத்தியை ஒரே ஓர் இடத்தில்தான் உடைக்கலாம் என்றால் நீங்கள் எங்கே உடைப்பீர்கள், நினைவு தொடங்கும் இடத்திலா, ஹாஸ்டல் கேள்விக்கு முன்னாலா?