ஆக்னஸ் பிரவுன் என்ற நாவல் பாத்திரத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

டப்ளினில் என் முதல் குளிர்காலம். வேலை முடிந்து மூர் தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். தூறல். தள்ளுவண்டியில் ஆரஞ்சு அடுக்கி வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் நான்கு பழம் கேட்டேன். விரல் முனை வெட்டிய கம்பளிக் கையுறை போட்டிருந்தார். நகக்கண் எல்லாம் குளிரில் வெடித்திருந்தது. ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இது வேண்டாம் கண்ணே" என்று திரும்ப வைத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். பையின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி நீட்டினார். பக்கத்து வண்டிக்காரி ஏதோ சொல்ல, இருவரும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். அவர்கள் பேச்சு எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

இதை அலுவலகத்தில் சொன்னேன். மறுநாள் என் மேசையில் ஒரு பழைய புத்தகம் இருந்தது: பிரெண்டன் ஓ'காரல் 1994இல் எழுதிய 'தி மேமி'. டப்ளின்காரர்களுக்கு மேமி என்றால் அம்மா.

கதை 1967இல் தொடங்குகிறது. ஆக்னஸ் பிரவுன் மூர் தெருவில் பழமும் காய்கறியும் விற்பவள். ஆறு ஆண், ஒரு பெண் என்று ஏழு பிள்ளைகள். கணவன் ரெட்சர் இறந்த அதே நாளில், தோழி மரியனையும் கூட்டிக்கொண்டு, விதவை ஓய்வூதியம் கேட்டு அரசு அலுவலகத்தில் வந்து நிற்கிறாள். இறப்புச் சான்றிதழ் இல்லை. அந்தப் பக்கங்களைப் பஸ்ஸில் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. ஏழு வயிறு காத்திருக்கிறது; அழுவதற்கு முன்னால் அடுப்பை நினைக்க வேண்டிய நிலை அவளுக்கு.

ஏழு பிள்ளைகள் என்பது சிரிப்புக்காகக் கூட்டிய கணக்கு அன்று. கருத்தடைச் சாதனங்கள் விற்க அயர்லாந்தில் 1935இல் தடை வந்தது. 1979இல் இயற்றிய சட்டம்தான் அதைத் தளர்த்தியது, அதுவும் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும். விவாகரத்துக்கு 1995இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் வழி பிறந்தது. வாய்த்த கணவன் எப்படிப்பட்டவனானாலும் அவனோடு காலத்தை ஓட்ட வேண்டியதுதான். நாவல் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காது. இரண்டு தோழிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் தானாக வந்து விழும். தாம்பத்தியத்தைப் பற்றி ஆக்னஸுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பதை மரியன் கண்டுபிடிக்கும் இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். பல பிரசவம் கண்ட ஒருத்திக்கு அதை யாருமே சொல்லித் தரவில்லை என்பது பிறகு நெஞ்சை என்னவோ செய்தது. மரியனுக்கு நோய் வரும் பக்கங்களில் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

ஆக்னஸுக்கு ஓர் ஆசை: பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு ஒருமுறை நடனமாட வேண்டும். 1999இல் அஞ்ஜெலிகா ஹூஸ்டன் இயக்கி நடித்த படத்தில் அந்த இடத்தில் இன்னொரு பாடகரான டாம் ஜோன்ஸ் வருகிறார். எனக்கு அது ஒட்டவே இல்லை.

ஓ'காரல் பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருடைய தாய் மொரீன், 1954இல் தொழிற்கட்சி சார்பில் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். அந்த அம்மா வளர்த்த பிள்ளை என்பதாலோ என்னவோ, அவர் ஆக்னஸை ஒரு வரியில்கூடக் கீழே வைத்துப் பார்க்கவில்லை.

* * *

மேலே ஒருவர் எழுதியதைப் படித்ததும் எனக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். ஆக்னஸை நான் அறிந்தது 2011இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் வழியாக. அதில் ஓ'காரலே பெண் வேடமிட்டு அவளாக நடிக்கிறார். இங்கே பலருக்கும் அது உயிர். தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டி மட்டும் அது ஓடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர்.

கண் மங்கிவிட்டதால், ஓர் இரவு அவருக்கு நாவலின் தொடக்கத்தை வாசித்துக் காட்டினேன். நான் சிரித்த இடங்களில் அவர் சிரிக்கவில்லை. போர்வையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது, "நான் போன அன்று கோட்டுப் பொத்தானை எல்லாம் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் சொன்னார். அவர் முன்னாலேயே கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். வரிசை முழுவதும் காத்திருந்தது" என்றார்.

சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "அவளுக்குப் பணம் கிடைத்ததா? வாசி" என்றார்.