ஒரே அளவு எஞ்சின், வேறு வேறு வேகம்: மரம் அறுக்கும் இயந்திரங்களை ஒப்பிட்டவர்களின் அனுபவங்கள்

பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி:

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் நான்கு ஏக்கர் தோப்பில் பாதிக்கு மேற்பட்ட தென்னைகள் வேரோடு சாய்ந்தன. இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு எழுபது மரம் வரும் என்பதை வைத்து, எவ்வளவு அறுக்க வேண்டியிருந்தது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வேலைக்கு இரண்டு குழுக்கள் வந்தன. வேறு வேறு நிறுவனங்களின் செயின்சாக்களை, அதாவது பல் வைத்த செயின் சுழன்று அறுக்கும் பெட்ரோல் இயந்திரங்களை வைத்திருந்தார்கள், ஆனால் எஞ்சின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். எது வேகமாக அறுக்கும் என்ற பேச்சு முதல் நாளே எழுந்தது. நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு வெட்டையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை நான் எடுத்த முடிவு தவறானது. முதல் குழுவின் இயந்திரம் ஏறத்தாழ பாதி நேரத்தில் அறுத்ததால், வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் குழு கொண்டைப் பக்கத்திலிருந்து துண்டு போட்டுக்கொண்டு வந்தது. இரண்டாம் குழு தூர்ப் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. தென்னைக்கு மற்ற மரங்களைப் போல ஆண்டு வளையமும் வைரமும் கிடையாது. தூரில், பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி கொண்டது. நடுச்சோறும் கொண்டைப் பகுதியும் 400 கிலோவுக்கும் குறைவு. ஆகவே நான் ஒப்பிட்டது இரண்டு இயந்திரங்களை அல்ல, ஒரே மரத்தின் இரண்டு முனைகளை.

அதன்பின் இரு குழுவினரிடமும் கேட்டுக்கொண்டு, ஒரே மரத்தின் தூர்ப் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் மாறி மாறி அறுக்கச் செய்தேன். வித்தியாசம் இரண்டு மூன்று நொடியாகச் சுருங்கிவிட்டது. பிற்பகலில் நிலைமை தலைகீழானது. முந்தைய நாள் வென்ற இயந்திரம் பதினெட்டு நொடியில் முடித்த வெட்டுக்கு இப்போது நாற்பது நொடி எடுத்தது. அதை இயக்கிய பெரியவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "மிஷின் மேல குத்தம் இல்லீங்க, அடிப்பக்கம் அறுக்கும்போது செயினு மண்ணைத் தொட்டுடுச்சு" என்றார். வெட்டிலிருந்து விழுந்ததை அள்ளிக் காட்டினார். காலையில் நார் நாராக, சீவலாக வந்தது, இப்போது மாவாக இருந்தது. தென்னை மரத்திலேயே சிலிக்கா இருப்பதால் பல் விரைவில் மழுங்கும். புயல் தூக்கியடித்த மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவர் அரம் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இயந்திரம் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

நிறுவனங்கள் வெளியிடும் அளவுகளைப் பின்னர் படித்துப் பார்த்தபோது இது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. ஸ்டில் எம்எஸ் 261 வகையின் எஞ்சின் 50.2 சிசி, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2 வகையினுடையது 50.1 சிசி. இரண்டுக்கும் திறன் 3.0 கிலோவாட் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நெருங்கிய இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பாதி நேரத்தில் முந்துகிறது என்று யாராவது சொன்னால், செயினையும் மரத்தையும் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நீலகிரியில் மரம் அறுக்கும் ஒப்பந்தப் பணி செய்பவர்:

மேலே எழுதியவர் மரத்தையும் செயினையும் சொன்னார். எங்களுக்குக் காற்றும் ஒரு காரணமாக இருந்தது. மேட்டுப்பாளையத்தில் சோதித்துப் பார்த்து, மிக நன்றாக அறுத்த ஓர் இயந்திரத்தை ஊட்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே 2,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் காற்று மெலிந்திருக்கும். ஆனால் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம், கீழே திருகி வைத்த அளவு பெட்ரோலையே விடும். புகை கக்கிக்கொண்டு, கற்பூர மரத்தில் பாதி வெட்டுக்குள் எஞ்சின் திணறியது. உடன் கொண்டுபோன மற்றோர் இயந்திரம், எரிபொருள் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை. அது சீராக ஓடியது. அதைக் கண்டதும் முதல் இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டோம். வாங்கியவர் கார்புரேட்டரை மலைக்கு ஏற்றபடி திருகி, இன்றுவரை அதில்தான் வேலை செய்கிறார். எவ்வளவு திருத்தினாலும் அந்த உயரத்தில் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் சமவெளியில் தரும் முழுத் திறனைத் தராது என்பது உண்மைதான். ஆனால் அந்த இழப்பு இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவானது. விற்றதை நினைத்து நான் இப்போதும் வருந்துகிறேன்.

ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலம் அகற்றுபவர்:

எங்கள் அனுபவம் வேறு. கருவேலம் கடினமான மரம் என்றாலும் தண்டு பெரும்பாலும் தொடை பருமனைத் தாண்டாது. ஒரு தூருக்கு ஐந்தாறு கிளைகள் முள்ளோடு பிரிந்து நிற்கும். எழுபது சிசி இயந்திரம் ஒரு வெட்டில் முந்தும்; குனிந்து நிமிர்ந்து நூறு வெட்டு போட்ட பின் ஆள் சோர்ந்துவிடுவதால், நான்கு கிலோ எடையுள்ள சிறிய இயந்திரம் மதியத்துக்குள் அதை முந்திவிடுகிறது. சிறிய செயினின் வெட்டு ஒடுங்கியது என்பதால் அது தின்னும் மரமும் குறைவு.

அரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நெடுநாள் எல்லாச் செயினுக்கும் 4.8 மி.மீ. உருண்டை அரத்தையே போட்டு வந்தேன். அது கண்ணி இடைவெளி (பிட்ச்) 0.325 அங்குலமாக உள்ள செயினுக்கு உரியது. சிறிய இயந்திரங்களில் வரும் தாழ்ந்த பல் செயினுக்கு 4 மி.மீ. அரம்தான் சரி. அளவு மாறியதால் பல்லின் விளிம்பு கூர்மை பெறாமலே போனது. பழியை இயந்திரத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பேராவூரணி விவசாயி மீண்டும்:

அரம் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெட்டுப்பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு, பல் நுனியைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் பல முறை அராவி மேட்டை அப்படியே விட்டால், செயின் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மரத்தைக் கடிக்காமல் வழுக்கும். என்னிடம் இப்போது இருக்கும் இயந்திரத்தில் மூன்றாவது முறை அரம் போட்ட பிறகு இதைத்தான் கண்டேன். மேட்டைத் தட்டை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் சீவல் மீண்டும் நீளமாக விழத் தொடங்கியது.