திருட்டுப் படத் தளத்துக்குச் சென்ற பின் ஓயாமல் வரும் எச்சரிக்கைகள்: ஃபோனை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். புதுப் படம் ஒன்றைப் பார்க்கும் ஆசையில், தவறு என்று தெரிந்தே, அனுமதியற்ற தளம் ஒன்றைத் திறந்தேன். நான் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய ‘அனுமதி’ பொத்தானை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். பிறகு, படம் ஓடத் தனி பிளேயர் வேண்டும் என்று ஓர் ஏபிகே கோப்பையும் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவ வைத்தது. படம் ஓடவில்லை. ஆனால் ‘உங்கள் ஃபோனில் 13 வைரஸ்கள்’ என்ற அறிவிப்பு நாள் முழுவதும் வருகிறது. ஆன்டிவைரஸ் செயலி போதுமா?

பதில் 1:
அந்த அறிவிப்பை அனுப்புவது வைரஸ் அல்ல; நீங்கள் அனுமதி கொடுத்த தளமே பிரவுசர் வழியாக அனுப்புகிறது. குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று சென்று அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அறிவிப்பைத் தொட்டுத் திறக்காதீர்கள். அது இன்னொரு போலிச் செயலியிடம்தான் கொண்டுபோய் விடும்.

பதில் 2:
எனக்குக் கவலை தருவது அந்த ஏபிகேதான். அது அணுகல்தன்மை அனுமதி கேட்டதா? அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். குறுஞ்செய்தி அனுமதியும் சேர்ந்தால் ஓடிபி எண்களும் அதன் கைக்குப் போய்விடும்.

கேட்டவர்:
இரண்டையும் கேட்டது, கொடுத்துவிட்டேன். இப்போது அதன் ஐகானையே காணவில்லை.

பதில் 2:
அப்படியானால் தயங்க வேண்டாம். முதலில் இணையத்தைத் துண்டித்து, படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபோனில் உள்ள அனைத்தையும் அழித்துப் புதிது போலாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் உள்நுழைவுகள் சில சேவைகளில் தொடரக்கூடும் என்பதால், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். வங்கிக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள்.

கேட்டவர்:
சொன்னபடி செய்துவிட்டேன், மிக்க நன்றி. இனி டொரன்ட்டில், விபிஎன் போட்டுக்கொண்டு இறக்கினால் ஆபத்து குறையுமா?

பதில் 3:
டொரன்ட் என்பது பயனர்கள் கோப்பைத் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை. அதில் இறக்கும்போதே, பெற்ற துண்டுகளை நீங்களும் பிறருக்குப் பகிர்கிறீர்கள். ஆகவே பார்த்தவர் மட்டுமல்ல, பரப்பியவரும் ஆகிறீர்கள். விபிஎன் உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மறைக்கலாம், கோப்புக்குள் இருப்பதைச் சுத்தம் செய்யாது. கோப்பின் வகையைச் சொல்லும் நீட்டிப்பை விண்டோஸ் இயல்பாக மறைத்துக் காட்டுவதால், எம்பி4 வீடியோ போலத் தோன்றுவது உண்மையில் எக்ஸிஇ, அதாவது இயங்கும் நிரலாகவும் இருக்கக்கூடும்.

சட்டப்படி பார்க்க வழிகள் உண்டு. ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் படத்தின் பெயரைத் தேடினால், எந்தச் சேவையில் சந்தா, வாடகை அல்லது விளம்பரத்துடன் இலவசமாகக் கிடைக்கிறது என்று காட்டும். யூடியூபில் தயாரிப்பு நிறுவனங்களின் சேனல்களில் முழுப் படங்கள் பல உள்ளன. உங்கள் நூலகம் இணைந்திருந்தால், நூலகங்கள் வழியாகப் படம் காட்டும் கனோபி சேவையும் இலவசம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் காப்புரிமை முடிந்த பழைய படங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கு யாரும் பதிவேற்றலாம் என்பதால் உரிமை விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
தேடிப் பார்த்தேன். நான் பார்க்க நினைத்த படம் இன்னும் எந்தச் சேவைக்கும் வரவில்லையாம். வந்ததும் தெரியும்படி ஜஸ்ட்வாட்சின் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.