பிரிம்: ‘விளிம்பு’ போதாது, ‘மடல்’ என்று வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம். தொப்பியின் பாகங்களுக்கு நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலிலும் வரைபடத்திலும் பிரிம் (brim), அதாவது தொப்பியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> தொப்பியில் பிரிம் என்றால் விளிம்புதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. நேற்று இதைப் படித்த பிறகு, என்னிடம் கிடந்த பழைய ஃபெல்ட் (மயிரை அழுத்தி இறுக்கிச் செய்த துணி) தொப்பி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே சுற்றியிருந்த நாடாவை எடுத்தால், அதன் அடியில் மட்டும் வெயில் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரிகிறது. உள்ளே வியர்வைக்காக ஒரு தோல்பட்டை தைத்திருக்கிறார்கள். மற்றபடி தலையில் கவிழ்கிற பகுதியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட தையல் எதுவும் கிடையாது, இரண்டும் ஒரே துண்டு. அந்த நீட்டிய பகுதி எங்கே முடிகிறதோ அங்கே, வெட்டிய வாயை மூடி, மெல்லிய நாடா ஒன்றை மடித்துத் தைத்திருக்கிறார்கள். விளிம்பு என்றால் அதுதான் விளிம்பு. பிரிமையும் விளிம்பு என்றால் இதை என்னவென்று சொல்வது, விளிம்பின் விளிம்பு என்றா?

தொப்பி செய்கிற முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபெல்ட்டுக்கு நூல் நூற்பதும் இல்லை, நெய்வதும் இல்லை. முயல், பீவர் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு) போன்றவற்றின் மென்மயிரையோ ஆட்டு மயிரையோ சூடும் ஈரமும் அழுத்தமும் கொடுத்துப் பிசைந்துகொண்டே இருந்தால், மயிரிலுள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தலைமுடி சடை பிடிக்கிற மாதிரி பிரிக்கவே முடியாமல் இறுகிவிடும். (ஒரு காலத்தில் மென்மயிரை இதற்குப் பாதரச நைட்ரேட்டில் பதப்படுத்தினார்கள். அந்த ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் வந்தது. அமெரிக்காவில் 1941-இல்தான் அந்த முறைக்கு முடிவு கட்டினார்கள். தொப்பியைப் பற்றி எழுதும்போது அவர்களைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.) இப்படி இறுகி வருவது முதலில் ஒரு கூம்பு. அதை நீராவியில் இளக்கி, தலை வடிவிலுள்ள மரக்கட்டையின் மேல் இழுத்துக் கவிழ்த்து, அடியில் கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். கயிற்றுக்குக் கீழே மிஞ்சுவதை வெளிப்பக்கமாக விரித்து, சூடு காட்டித் தட்டையாக்கினால் அதுதான் பிரிம். விளிம்பை வெட்டுவதும் நாடா வைப்பதும் அதற்கும் பிறகு வருகிற தனி வேலை.

பனாமா தொப்பியிலும் இதே கதைதான். பெயர்தான் பனாமா, செய்வது ஈக்வடாரில், டோக்கில்லா என்ற செடியின் இலையைக் கிழித்து எடுத்த நாரில். உச்சியின் நடுவில் முடையத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, பக்கங்களில் இறங்கி, பிரிம் வரை ஒரே முடைச்சலாகப் போவார்கள். கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நார் நுனிகளைத் திருப்பி உள்ளே முடைந்து முடிப்பதற்கென்றே பழகிய கைகள் உண்டு. ஆக, செய்கிறவர்களே பிரிமையும் அதன் விளிம்பையும் இரண்டாகத்தான் பார்க்கிறார்கள். நாமும் இரண்டு சொல் வைப்பதுதான் முறை.

என் பரிந்துரை ‘மடல்’. காது மடல் என்கிறோம், தாழை மடல் என்கிறோம். உடலிலிருந்து வெளியே நீண்டு, தட்டையாக, வளைத்தால் வளைகிற ஒன்றுக்கு நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல் அது. ‘இறவாரம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மழையையும் வெயிலையும் தள்ளிவிடும் கூரை நீட்டம் என்ற பொருளில் அழகான சொல், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கூரையின் இறவாரத்தை யாரும் மேலே சுருட்டி விடுவதில்லை. தொப்பியை அணிகிறவர் செய்கிற முக்கியமான வேலையே அதுதான்: ஃபெடோரா என்ற வகைத் தொப்பியில் மடலை முன்னால் தாழ்த்தி, பின்னால் உயர்த்தி விடுகிறார், கௌபாய் தொப்பியில் இரு பக்க மடலையும் மேலே சுருட்டுகிறார். 1849-இல் லண்டனில் உருவான பௌலர் தொப்பியை இப்படி எழுதிப் பாருங்கள்: “உருண்டையான கெட்டித் தொப்பி, குறுகிய மடல் பக்கவாட்டில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், விளிம்பில் நாடா கட்டியிருக்கும்.” எதுவும் இடிக்கவில்லை. ‘மடல் அகலம் 2½ அங்குலம்’ என்றால் ஒரே பொருள்தான். ‘விளிம்பு அகலம்’ என்று எழுதினால் படிப்பவர் நாடாவைத்தான் அளப்பார்.

இதில் இன்னொரு லாபம், சுற்றிலும் பிரிம் உள்ளதை ஹேட் என்றும் முன்னால் மட்டும் உள்ளதைக் கேப் என்றும் ஆங்கிலத்தில் பிரிக்கிறார்களே, அந்தச் சிக்கலும் தீர்கிறது. நாம் இரண்டையும் தொப்பி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதை மாற்ற வேண்டாம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சுற்றுமடல் தொப்பி, முன்மடல் தொப்பி என்று எழுதலாம். பேஸ்பால் தொப்பி முன்மடல். ஆனால் அங்கே மடல் தனித் துண்டு, விறைப்பான அட்டையையோ பிளாஸ்டிக்கையோ துணிக்குள் வைத்து, வளைகோடுகளாகத் தைத்து, அப்புறம் தொப்பியோடு இணைப்பார்கள். மடலே இல்லாததற்குக் குல்லா இருக்கவே இருக்கிறது.

> மடல் என்றால் கடிதம் என்று குழம்ப மாட்டார்களா?

காது மடல் என்று படித்த யாரும் கடிதத்தை நினைத்ததில்லை. தலைப்பில் மட்டும் ‘தொப்பி மடல்’ என்று முழுதாக எழுதிவிட்டால் உள்ளே மடல் போதும்.

கிரவுன் (crown), அதாவது தலையில் கவிழ்கிற பகுதி, என்பதற்கு ‘மகுடம்’ என்று பட்டியலில் போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். மகுடம் தலையில் வைக்கிற அணி, இதுவோ தலை உள்ளே நுழைகிற வெற்றிடம். நான் ‘கூடு’ என்று எழுதிவருகிறேன். கூட்டின் மேற்பகுதிக்கு உச்சி, நடுவில் அழுத்திய பள்ளத்துக்கு உச்சிமடிப்பு. கூட்டைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், வரைபடத்தை அச்சுக்கு அனுப்புவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.